ஒயரைத் தூக்கிப் போடாதீங்க மக்களே

ஹால்ல ஒயரே தெரியக்கூடாதுன்னு தங்கமணி உத்தரவு. போன மாசம் ஒரு சவுண்ட்பார் வாங்கி லேப்டாப்போட ப்ளூடூத்ல கோத்து விட்டேன். பாட்டு கேக்க அமர்க்களம். வம்பு வந்தது பொண்ணோட ஆன்லைன் மிருதங்க கிளாஸ்ல.

வாத்தியார் தாளம் போட, கூடவே இவ வாசிக்கணும். "பின்னாடியே வர்றியேம்மா"ன்னு மூணு வாரமா திட்டு. நானும் என் பங்குக்கு, ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணுன்னு கத்தினேன். குழந்தை மிருதங்கத்தைத் தொடவே மாட்டேன்னுட்டா.

நெட் தாமதம் முன்னாடியும் இருந்தது, வாத்தியார் அதுக்குப் பழகிட்டார். புதுசா சேர்ந்தது ப்ளூடூத். அது ஒலியைச் சுருக்கி, அனுப்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் சேத்து வெச்சு, அப்புறம்தான் பாடும். இதுக்கே 100, 200 மில்லி செகண்ட் போயிடும். சினிமான்னா ப்ளேயர் படத்தைத் தாமதிச்சு சமாளிச்சுடும். நேரடி கிளாஸ்ல அது எப்படி முடியும்? அதனால பாட்டுக்கு ப்ளூடூத், பேச்சுக்கும் வாசிப்புக்கும் ஒயர். இதுதான் என் கட்சி.

எச்டிஎம்ஐ போடலாம்னு பார்த்தா, என் பார்ல இருக்கறது ஏஆர்சி ஓட்டை ஒண்ணே ஒண்ணு. அது டிவிகிட்டேருந்து சத்தம் வாங்கறதுக்கு. லேப்டாப்பைச் சொருகினா கம்முனு கிடக்கு. 'எச்டிஎம்ஐ இன்' தனியா இருந்தாத்தான் உண்டு. (விக்கறப்ப கடைக்காரர் மூச்சு விடல!)

கடைசியில 3.5 மி.மீ. ஆக்ஸ் ஒயர்தான் கைகொடுத்தது. அடுத்த கிளாஸ்ல வாத்தியார், "இப்ப சரியா வருதே"ன்னார்.

பொண்ணுகிட்ட சாரி கேட்டேன். "வாத்தியார்கிட்டயும் சொல்லுப்பா"ன்னா. சொன்னேன். தங்கமணிதான் இன்னும் அந்த ஒயரை முறைச்சுட்டிருக்காங்க.