பிள்ளை பெற்றவளைப் பார்ப்பவர் யார்?

பிள்ளைப்பேற்றினால் இறக்கும் தாய்மாரின் தொகை இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 30 மட்டுமே; தென்னாசியாவில் நாம் முன்னணியில் நிற்கிறோம் என்று கொழும்பு மந்திரிமார் மேடைதோறும் மார்தட்டுகின்றனர். கணக்குப் பொய்யன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட நாள் முதல், வீடு வீடாக நடந்த மருத்துவமாதர் தேடித் தந்த புகழ் அது. ஆனால் நாடு முழுவதற்குமான சராசரியில் துணுக்காயும் மாந்தை கிழக்கும் எங்கே தெரிகின்றன?

விதி தெளிவானது. பிள்ளையோடு வீடு திரும்பிய தாயை முதற் பத்து நாட்களுக்குள் இருமுறை குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கே சென்று பார்த்தல் வேண்டும். ஆறாம் வாரம் வரை அக்கவனிப்பு நீடித்தல் வேண்டும். உதிரம் மிகுந்து போகிறதா, காய்ச்சல் கண்டதா, தையற் புண் ஆறியதா, பால் கட்டி மார்பு நோகிறதா, காரணமின்றி அழுதபடி கிடக்கிறாளா என்பவற்றை நேரிற் கண்டறிவதற்கே இவ்வேற்பாடு. மருத்துவமாது இல்லாத ஊரில் இது ஏட்டுச் சுரைக்காயன்றி வேறென்ன?

வன்னியிலோ வீடுகள் குளத்துக்குக் குளம் சிதறிக் கிடக்கின்றன. மாரியில் பாதை சேறு. மாலையானால் யானைப் பயம். ஒருத்தியின் பதவி வெற்றிடமானால் அயற் பிரிவுக்காரி இரு பிரிவுகளையும் சுமக்கிறாள். 2022இல் பெற்றோல் இல்லாது நாடே வரிசையில் நின்றபோது அவளது மோட்டார் சைக்கிளும் நின்றது. அப்போது தாய் காத்திருந்தாள், காய்ச்சல் காத்திருக்குமா?

சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிர்ந்தளித்த துறை என்பர். ஆனால் மருத்துவமாதரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றும் அதிகாரம் மத்திய அமைச்சின் கையில். வடமாகாண சபையின் ஆயுளும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தட்டிக்கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி ஆண்டுகள் கழிந்தன. பகிர்ந்தது பொறுப்பையா, பழியையா?

கூலிக்கு உழைப்பவளுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் உண்டு. 2018இல் அது திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை என்றாயிற்று. சொந்த வயலிற் களை பிடுங்கும் கமக்காரன் மனைவிக்கு எச்சட்டம் ஓய்வளிக்கிறது? முன்னர் தாயும் மாமியும் பக்கத்திலிருந்து சரக்கு அரைத்துக் கொடுத்தனர். 2009இல் முடிந்த போர் எத்தனையோ வீடுகளில் அவர்களையும் கொண்டு போயிற்று.

நம்மவரையும் நாம் விடோம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குக் கடன் பட்டும் பந்தியிடுவோர், பத்தாம் நாட் காய்ச்சலுக்கு வாகனம் பிடிக்கத் தயங்குகின்றனர். வன்னி நியமனம் கிடைத்த மறுநாளே யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதும் படித்த பெருமக்களே, உங்கள் மனைவியர் பிள்ளை பெற்ற வீட்டில் எத்தனை பேர் பணிவிடைக்கு நின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் கேட்பது புதிய சலுகையன்று. பிரிவு வாரியாக மருத்துவமாதர் வெற்றிடங்களையும், பத்து நாட்களுக்குள் எத்தனை தாய்மார் இருமுறை பார்க்கப்பட்டனர் என்பதையும் அரசு பகிரங்கமாக வெளியிடட்டும். வன்னிப் பெண்களையே தெரிந்து பயிற்றி, அவர்களது சொந்த ஊர்களிலேயே நியமிக்கட்டும். கமக்காரர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில், நீர் பங்கீட்டை எடுக்கும் முன் இதனை எடுத்து, பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அனுப்பட்டும்.