எங்களூர் மருமகன்

ஆசிரியருக்கு,

டூரிங் டாக்கீஸ் பற்றிய கட்டுரை படித்தேன். எங்கள் கடையத்தில் கொட்டகைக்குக் குடும்பத்தோடுதான் கிளம்புவோம்; ஆச்சி மடியில் அவித்த பனங்கிழங்கு இருக்கும். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் ஏறி உட்காருவேன். உடனே பின்னாலிருந்து வசவு விழும்.

1961இல் வெளியான ‘கப்பலோட்டிய தமிழன்’ எங்களூருக்குப் பல வருஷம் கழித்தே வந்தது. பாரதியாக எஸ்.வி. சுப்பையா தோன்றியதும், “ஏலே, நம்மூரு மருமகன்லா!” என்றாள் ஆச்சி. பாரதியின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர் கடையம். நடித்த சுப்பையாவும் பக்கத்துச் செங்கோட்டைக்காரர். அப்புறம் கதாநாயகன் சிவாஜியை யார் பார்த்தது!

கட்டுரையில் தென்காசி வட்டாரக் கொட்டகைகள் இல்லை. படம் ஓட்டியவர்கள் சிலர் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

– ஒரு வாசகர், கடையம்