சாவித்திரி 'குடிச்சே அழிஞ்சாங்க'ளா?

1/ நடிகையர் திலகம் சாவித்திரி பத்திப் பேச்சு வந்தாலே "எப்பேர்ப்பட்ட நடிகை, குடிச்சே அழிஞ்சுட்டாங்க"ன்னு முடிச்சுடறோம். ஒரு டாக்டரா எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

2/ 1957-ல் மாயா பஜார், 1961-ல் பாசமலர். 1968-லேயே தெலுங்குல ஒரு படத்தை இயக்கினவங்க. சொந்தமா எடுத்த 'பிராப்தம்' (1971) கையைச் சுட்டுது. கடன், தனிமை, குடி, கூடவே சர்க்கரை நோய்.

3/ 1980-ல் கோமா. 19 மாசம் படுத்த படுக்கை. 1981 டிசம்பர் 26-ல் இறந்தாங்க. ஐம்பது வயசுகூட ஆகலை.

4/ குடிக்கு அடிமையாகறது ஒழுக்கக்கேடு இல்லைங்க, நோய். இன்சுலின் போடுறவங்க சாப்பிடாம குடிச்சா சர்க்கரை சட்டுனு இறங்கி நினைவே தப்பலாம். தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். வெறும் அறிவுரை போதாது, வைத்தியம் வேணும்.

5/ வேலூர்க்காரங்களுக்குப் பக்கத்துலயே பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையம் இருக்கு. ஆனா "பாகாயம் போறேன்"னு சொல்லவே நமக்குக் கூச்சம். ஆம்பளை குடிச்சா யாராவது கூட்டிட்டு வருவாங்க. பொம்பளை குடிச்சா வீடே மூடி மறைக்கும். அந்த மறைப்புதான் வைத்தியத்தைத் தாமதமாக்குது.

6/ சாவித்திரிக்காக இன்னிக்கும் கண்கலங்குறோம். உங்க வீட்ல அப்படி ஒருத்தர் இருந்தா, திட்டாதீங்க. கூட்டிட்டு வாங்க.