மூச்சு நம்முடையது, களம் யாருடையது?

“சடுகுடுவுக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டோம்” என்று பெரிய கம்பெனிகள் மார்தட்டிக் கொள்கின்றன. செல்லூர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. செத்ததற்கல்லவா மறுவாழ்வு? வைகையின் வடகரையில், தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த இந்தத் தெருக்களில், சடுகுடு என்றைக்குச் செத்தது?

பகலெல்லாம் தறி மிதித்தவனும், ஆலையில் ஷிப்டு முடித்து வந்தவனும், அந்தி மயங்கியதும் பொட்டலில் கோடு கிழித்து இறங்கினான். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், பூட்ஸ் வேண்டாம். இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். நடுவில் ஒரு கோடு, நெஞ்சில் ஒரு மூச்சு. இவ்வளவுதான் முதலீடு. காசில்லாதவனுக்கென்றே அமைந்த ஆட்டம் இது. இன்று செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை நிற்கிறதென்றால், அது சும்மா வந்துவிடவில்லை. முழங்கால் தேய்ந்த எத்தனையோ பேரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

இந்த ஆட்டத்துக்குத்தான் 2014 ஜூலை 26 அன்று கோடிக்கணக்கான பணம் வந்து இறங்கியது. புரோ கபடி லீக் என்று பெயர். எட்டு அணிகள். ஆனந்த் மகிந்திராவும் சாரு சர்மாவும் தொடங்கிய மஷால் ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனி நடத்தியது. ஸ்டார் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. கூட்டம் கூடும் என்று தெரிந்ததும் மறு ஆண்டே, 2015ல், மஷால் கம்பெனியின் 74 சதவீதப் பங்கை ஸ்டார் வாங்கிவிட்டது. 2017ல் அணிகள் பன்னிரண்டாயின. நம் மாநிலத்தின் பேரில் தமிழ் தலைவாஸ் வந்தது.

அன்று முதல் டீக்கடை பெஞ்சிலும் தறிக்கூடத்திலும் ஒரே விவாதம். பழைய ஆட்டக்காரர்களுக்கு மனசு ஆறவில்லை. “மூச்சுள்ளவரை பாட வேண்டும், அதுதான் ஆட்டம். முப்பது விநாடியில் மணி அடித்தால் அது பாட்டா? பாடுகிறவன் குரலே காதில் விழவில்லையே, மைக்கும் மேளமும்தானே கேட்கிறது?” என்கிறார்கள். “மண்ணை எடுத்துவிட்டு மெத்தையை விரித்துவிட்டார்கள். மண்ணில் பிடித்த பிடி இதில் வருமா?” என்கிறார் இன்னொருவர். “பேர் தமிழ் தலைவாஸ், நம் பையன்கள் எத்தனை பேர்?” என்பது மூன்றாவது குறை.

இந்தக் கவலைகளை நாம் அலட்சியம் செய்யவில்லை. தான் வளர்த்த கன்றைப் பிறர் ஓட்டிப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால், கவலைப்பட வேண்டிய இடம் எது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மண்ணா, மெத்தையா? முழங்கையும் முட்டியும் உரிந்து, சீழ் பிடித்து, மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் கூலியை இழந்தவர்கள் நம்மில் உண்டு. மெத்தை அவர்களுக்குப் பகையல்ல. மாநில, தேசிய, ஆசியப் போட்டிகளெல்லாம் மெத்தையில் நடக்கும்போது, மண்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பது நம் பையன்களின் பிழைப்பிலேயே மண்ணைப் போடுவதாகும். மெத்தை வந்ததில் தப்பில்லை. அது செல்லூருக்கும் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் போதுமான அளவு வந்து சேராததுதான் தப்பு!

முப்பது விநாடிக் கணக்கும் அப்படித்தான். தொட்டும் தொடாமலும் கோட்டருகே நின்று நேரத்தைக் கடத்தும் ஆட்டத்தைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்ற விதி ஆட்டத்துக்குச் சூடேற்றியிருக்கிறது. விதி மாறும், மாறத்தான் வேண்டும். ஆனால் யார் கூடி மாற்றினார்கள், யாருடைய வசதிக்காக மாற்றினார்கள் என்று கேட்கும் உரிமை ஆடுகிறவனுக்கு உண்டு.

வெளி மாநிலத்து வீரர்கள் வருகிறார்களே என்ற குறையிலும் நமக்கு எச்சரிக்கை வேண்டும். 2017ல் தலைவாஸ் அணிக்குத் தலைமை தாங்கிய அஜய் தாக்கூர் இமாசலப் பிரதேசத்துக்காரர். அந்த ஆண்டு அணி தன் பிரிவில் கடைசியாக வந்தது. அதற்காக வடக்கத்தியான் மேல் பாய்வதா? அரியானாவின் உழவன் மகனும் நம் வாடிப்பட்டி உழவன் மகனும் ஒரே மாதிரி மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள்தான். அவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கே? ஏலக்கூடத்தில்! 2018ல் மோனு கோயத் 1 கோடியே 51 லட்சத்துக்கு ஏலம் போனார். 2022ல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்துத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு நல்ல கூலி கிடைப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். ஒரு அண்டாவுக்கும் ஆட்டுக்கிடாவுக்கும் உயிரைக் கொடுத்து ஆடிய காலம் திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் அதே 2022ல் நடந்ததைப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே பவன் செராவத்தின் முழங்காலில் அடிபட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அணி கவிழ்ந்ததா? இல்லை. மீதமிருந்த இளைஞர்கள் தோளோடு தோள் கொடுத்து ஆடி, முதன்முறையாக அணியை அரையிறுதிக்குக் கொண்டு போனார்கள். சங்கிலி பிடித்து நிற்கும் ஏழு பேரின் ஆட்டம் இது. ஏலக்காரன் கணக்கு வேறு, களத்தின் கணக்கு வேறு.

அதே 2022 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துப் போட்டியில் பாடிப் போன இளைஞர் களத்திலேயே விழுந்து உயிரை விட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஏலத்தில் போனவருக்கு அடிபட்டால் கூடவே வைத்தியர் ஓடி வருகிறார். பொட்டலில் விழுந்தவனுக்கு யார் ஓடி வருவது? ஒரே ஆட்டம், ஒரே மூச்சு. நியாயம் மட்டும் இரண்டா?

இதுதான் நாம் கேட்கும் கேள்வி. ஸ்டார் கம்பெனி முதலில் முர்டாக் கையில் இருந்தது. 2019ல் அமெரிக்காவின் டிஸ்னி கைக்குப் போனது. 2024ல் டிஸ்னியும் ரிலையன்சும் தொலைக்காட்சித் தொழிலை ஒன்றாகச் சேர்த்தபோது இந்த லீக்கும் கூடவே கைமாறியது. நாம் பாடிய பாட்டு பத்தே வருஷத்தில் மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டது! கைமாறிய ஒவ்வொரு தடவையும் செல்லூர்க்காரனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பாடுகிறவனைக் கேட்டார்களா?

லாபம் இல்லையென்றால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2016ல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கென ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள். மறு ஆண்டு அது இல்லை. ஆண்கள் போட்டி மட்டும் எட்டு அணியிலிருந்து பன்னிரண்டாகப் பெருத்தது. பெண்கள் ஆடத் தெரியாமல் நின்றுவிட்டார்களா? 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த அணியின் துணைத் தலைவி, சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசை மக்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரிலிருந்து வந்தவர். அங்கே அவரை வளர்த்தது ஏலக்கூடமல்ல, பயிற்சி கொடுத்தவர்களின் பாடும் அக்கம்பக்கத்தாரின் ஆதரவும்தான்.

இன்னும் பின்னே போங்கள். 1990 பெய்ஜிங் முதல் 2010 குவாங்சௌ வரை ஆறு ஆசியப் போட்டிகள். ஆண்கள் கபடியில் ஆறு தடவையும் இந்தியாவுக்கே தங்கம். லீக் அப்போது பிறக்கவே இல்லை. 1994ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் நம் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் இருந்தார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025ல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படத்தை மதுரையிலும் கூட்டங்கூட்டமாகப் பார்த்தோம். களத்தில் இறங்குவதற்கே சாதி குறுக்கே நின்ற கதை அது. பழைய பொட்டல் எல்லாம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. எந்தத் தெருப் பையன் எந்தத் தெரு அணியில் ஆடலாம் என்று தடுத்தது கம்பெனிக்காரன் அல்ல, நாமேதான். அந்த அழுக்கையும் நாமேதான் கழுவ வேண்டும்.

ஆகவே, லீக் ஒழிக என்று நாம் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால் பார்ப்போம், கைதட்டுவோம். ஆனால் கைதட்டுவதோடு நம் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஒளிபரப்பில் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கு, வீரர்களைப் பெற்றுத் தரும் ஊர்க் கழகங்களுக்கு வர வேண்டும். தாலுகாவுக்கு ஒரு மெத்தைக் களமும், சம்பளம் வாங்கும் பயிற்சியாளரும் வேண்டும்; இது சர்க்காரின் பொறுப்பு. ஊர்ப் போட்டியில் இறங்கும் ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் விபத்து இன்ஷூரன்ஸும், களத்தருகே ஆம்புலன்ஸும் கட்டாயமாக வேண்டும். பெண்களுக்கு நிரந்தரமான லீக் வேண்டும். ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் போலீசிலும் விளையாட்டு வீரர்களுக்குரிய நிரந்தர வேலைகளைக் குறைக்கக் கூடாது. ஏனென்றால், ஏலத்தில் போகிறவன் ஆயிரத்தில் ஒருவன். முப்பது வயதில் முழங்கால் போன பிறகு மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் சாப்பிட வேண்டாமா?

சடுகுடு தெரிந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிராளி எவ்வளவு பலசாலியானாலும், தனித்தனியாகப் பாய்ந்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவான். கை கோத்து நின்றால் கோட்டைத் தாண்டவிடாமல் பிடித்துவிடலாம்.

ஆட்டம் நம்முடையது. கை கோத்து நிற்போம்!