மந்திரியைக் கேட்கும் ஒரு மணி நேரம்

மந்திரிக்கு அதிகாரங்கள் பல. கோடிக் கணக்கில் செலவு செய்ய உத்தரவிடலாம்; இலாகா அதிகாரியை இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு மாற்றலாம்; ஒரு திட்டத்தை நாளைக்கே தொடங்கலாம், அல்லது பத்து வருஷம் பைலில் தூங்க வைக்கலாம். ஆனால் பார்லிமெண்ட் கூடியிருக்கும் நாட்களில் ஒரு மணி நேரம் மட்டும் அவர் உத்தரவிடும் ஆள் அல்ல. பதில் சொல்லும் ஆள். லோக் சபையில் காலை 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடியும் அந்த நேரத்துக்குக் கேள்வி நேரம் என்று பெயர்.

அந்த ஒரு மணி நேரம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய விவகாரம் போதும். இன்று கேள்வி நேரம் இருக்கும் நிலையை அளந்து பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாலிஸிதாரரின் பணம்

1956 செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. அதுவரை தனியார் வசம் இருந்த 245 கம்பெனிகளும் சங்கங்களும் அதில் ஐக்கியமாயின. தனியார் முதலாளிகள் ஜனங்களின் இன்ஷூரன்ஸ் பணத்தைத் தங்கள் சொந்தக் காரியங்களுக்குத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதுதான் சர்க்கார் அதைக் கைப்பற்றியதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. 1955 டிசம்பரிலேயே அந்த அக்கிரமத்தை லோக் சபையில் எடுத்துப் பேசியவர் காங்கிரஸ் மெம்பர் ஸ்ரீ பெரோஸ் காந்தி.

கார்ப்பொரேஷன் பிறந்து பத்து மாதம்கூட நிறையவில்லை. 1957 ஜூன் மாதக் கடைசியில் அது கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் 6 கம்பெனிகளில் ரூ. 1 கோடியே 24 லட்சத்துக்குப் பங்குகளை வாங்கியது. அந்தக் காலத்து 1 கோடி சாமானியத் தொகை அல்ல. முந்த்ராவோ அப்போது கடன் நெருக்கடியில் இருந்த மனிதர். பணத்தை எங்கே முதலீடு செய்யலாம் என்று யோசனை சொல்வதற்கென்றே கார்ப்பொரேஷனில் ஒரு கமிட்டி இருந்தது. வாங்குவதற்கு முன் அந்தக் கமிட்டியை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரும் தபால் இலாகா குமாஸ்தாவும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய பிரீமியம், நொடித்துப் போகிற ஒரு வியாபாரியைக் கைதூக்கி விடப் போயிற்று.

யாருக்குத் தெரியும்? கணக்குத் தணிக்கை என்று ஒன்று உண்டு. ஆனால் தணிக்கை நடந்து, அறிக்கை அச்சாகி, சபைக்கு வந்து, கமிட்டி பரிசீலித்து முடிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். அதற்குள் பணம் போன இடமும் மாறியிருக்கும். கையெழுத்துப் போட்ட அதிகாரியும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். கேள்விக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

1957 செப்டம்பரில், அதாவது பங்கு வாங்கிய மூன்றாவது மாதம், விஷயம் லோக் சபையில் கேள்வியாக எழுந்தது. கேட்டவர் டாக்டர் ராம் சுபக் சிங். கிடைத்த பதிலில் திருப்தி இல்லை. நவம்பரில் மறுபடியும் கேள்வி. இந்தத் தடவை ஒன்றன்மேல் ஒன்றாக உப கேள்விகள் எழுந்தன. என்ன விலைக்கு வாங்கினீர்கள்? அன்றைய மார்க்கெட் விலை என்ன? யார் சொல்லி வாங்கினீர்கள்? டிசம்பர் 16-ந் தேதி அது முழு விவாதமாக வெடித்தது. மார்க்கெட் விலைக்கு மேல் கொடுத்துப் பங்குகள் வாங்கப்பட்டிருக்கின்றன என்று ஸ்ரீ பெரோஸ் காந்தி தேதியும் விலையும் சொல்லிச் சபைக்கு எடுத்துக் காட்டினார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ராம் சுபக் சிங்கும் காங்கிரஸ்காரர். பெரோஸ் காந்தியும் காங்கிரஸ்காரர். போதாக்குறைக்கு அவர் பிரதம மந்திரி நேருவின் மருமகன். கேள்விக்கு ஆளான நிதி மந்திரி ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதே கட்சியின் பெரிய தலை. அந்த வருஷம்தான் தென் சென்னைத் தொகுதியில் ஜெயித்து வந்தவர். கட்சி ஒன்று, கொடி ஒன்று. ஆனாலும் கணக்குக் கேட்பதை எவரும் துரோகம் என்று எண்ணிவிடவில்லை.

1958 ஜனவரியில் சர்க்கார் விசாரணைக் கமிஷன் நியமித்தது. பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம். ஸி. சாக்ளா ஒருவரே கமிஷன். அவர் ஜனங்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். பெரிய பெரிய அதிகாரிகள் கூண்டில் நின்று சொன்ன சாட்சியத்தை ரஸ்தாவில் போகிறவரும் கேட்டார். ஒரு மாதத்துக்குள் அறிக்கை தயார். செயலாளர் செய்த காரியத்துக்கு மந்திரிதான் பொறுப்பு. கீழே உள்ளவர்மீது பழியைப் போட்டுவிட்டு மந்திரி ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பது நீதிபதியின் தீர்மானம்.

பிப்ரவரியில் டி. டி. கே. ராஜிநாமாச் செய்தார். அவர் தம் பையில் ஒரு காசு போட்டுக்கொண்டார் என்று எவரும் சொல்லவில்லை. அவருடைய திறமையைப் பற்றியும் யாருக்கும் சந்தேகமில்லை. பின்னால் 1962-ல் மீண்டும் மந்திரி சபைக்கு வந்தார், 1963-ல் நிதி இலாகாவையே மறுபடியும் ஏற்றார். இருந்தும் அன்றைக்கு விலகித்தான் ஆக வேண்டியிருந்தது. பட்ஜெட் தேதி நெருங்கிவிட்டது. நிதி மந்திரி இல்லை. அந்த 1958 பிப்ரவரி 28-ந் தேதி பட்ஜெட்டை நேருவே சமர்ப்பித்தார்.

இவ்வளவுக்கும் விதை ஒரு மெம்பர் எழுதிக் கொடுத்த ஒரு கேள்வி.

வெள்ளைக்காரன் பயந்தது எதற்கு?

கேள்வி விதை என்றால், அதை முளைக்க வைத்தது உப கேள்வி. எழுதிக் கொடுத்த கேள்விக்குப் பதிலை மந்திரி எழுதுவதில்லை. இலாகா எழுதுகிறது. 15 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதினைந்து நாளில் குமாஸ்தா எழுதி, மேலதிகாரி திருத்தி, செயலாளர் மெருகு ஏற்றி, ஒரு குண்டூசி நுழைய இடமில்லாத பதிலாக அதை மந்திரி கையில் கொடுக்கிறார்கள். பொய் இருக்காது, உண்மையும் முழுசாக இருக்காது. மெம்பர் எழுந்து, "அப்படியானால்..." என்று ஆரம்பிக்கிறாரே, அங்கேதான் மந்திரிக்கு வியர்க்கிறது. அதற்கும் அதிகாரிகள் உத்தேசமாகக் குறிப்பு எழுதித் தருவது உண்டு. அவர்களுக்கென்று போட்ட இடத்திலிருந்து துண்டுச் சீட்டும் பறந்து வரும். ஆனாலும் இலாகாவை மந்திரி நிஜமாகவே கவனிக்கிறாரா, அல்லது கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்பது இரண்டாவது உப கேள்வியில் சபைக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளைக்கார சர்க்கார் இதை நன்றாக அறிந்து வைத்திருந்தது. 1892-ம் வருஷத்துச் சட்டம் இந்தியக் கவுன்ஸில் மெம்பர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. உப கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொள், பதிலை வாங்கிக்கொள், உட்கார். பதினேழு வருஷம் கழித்து 1909-ல் மிண்டோ - மார்லி சீர்திருத்தம் வந்தபோதுதான் உப கேள்வி வந்தது. அதுவும் மூலக் கேள்வி போட்டவருக்கு மட்டும். எந்த மெம்பரும் உப கேள்வி கேட்கலாம் என்பது 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான். தர மனம் வராமல் துளித்துளியாக விட்டுக்கொடுத்ததிலிருந்தே அந்தப் பண்டத்தின் மதிப்புத் தெரியவில்லையா?

(பண விஷயத்துக்கும் கேள்விக்கும் உறவு பழையது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் முதன்முதலாகப் பதிவான கேள்வி 1721-ல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. தென்கடல் கம்பெனி மூழ்கி ஜனங்கள் பணம் இழந்த சமயம். கம்பெனியின் காஷியர் ஓடிப்போய் வெளிநாட்டில் பிடிபட்டதாகச் சொல்கிறார்களே, வாஸ்தவமா என்பதுதான் அந்தக் கேள்வி!)

இன்றைய நிலை

இப்போது லோக் சபையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் ஜாபிதாவில் இடம் பெறுகின்றன. இவற்றுக்குத்தான் வாய்மொழிப் பதில், இவற்றுக்குத்தான் உப கேள்வி. 230 கேள்விகளுக்கு எழுத்து மூலமான பதில் மட்டும். இருபதிலும் நாலைந்துக்கு மேல் எட்டுவது அபூர்வம். சபையில் கூச்சல் கிளம்பினால் அந்த நாலைந்தும் இல்லை. சபையை ஒத்திவைத்துவிட்டால் நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதிலாகிப் பைலுக்குள் போய்விடும். மந்திரிக்கு அன்றைய கண்டம் தப்பியது.

கூச்சல் போடுகிறவர்கள் அநேகமாக எதிர்க் கட்சியார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சர்க்காரைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு, சர்க்காரைக் கேட்கும் ஒரே மணி நேரத்தை அவர்களே அழிக்கிறார்கள். கேட்க விடமாட்டேன் என்கிறார்கள், விவாதிக்க அனுமதி கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்பது அவர்கள் தரப்புக் குறை. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் கேள்வி நேரம் பறிபோனால் ஆதாயம் யாருக்கு என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். 2014-ல் ராஜ்ய சபை தன் கேள்வி நேரத்தைக் காலையிலிருந்து பகல் 12 மணிக்கு மாற்றிப் பார்த்தது. காலையில் கூச்சல் ஓய்ந்துவிடும், மத்தியானம் நிம்மதியாகக் கேட்கலாம் என்று எண்ணம். கூச்சலும் கூடவே மத்தியானத்துக்குக் குடி வந்துவிட்டது!

கேட்பவர்கள் யோக்கியதையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2009 நவம்பர் 30-ந் தேதி லோக் சபையில் கேள்வி போட்ட மெம்பர்களில் பெரும்பாலோர் சபைக்கே வரவில்லை. பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஆள் இல்லை. கேள்வி நேரம் பாதியில் படுத்துவிட்டது. அதற்கும் முன்னால், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது அம்பலமாகி 2005 டிசம்பரில் 11 மெம்பர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். லோக் சபையில் 10 பேர், ராஜ்ய சபையில் ஒருவர். சுப்ரீம் கோர்ட்டும் 2007-ல் அந்த நீக்கத்தைச் சரி என்றது. வெட்கக் கேடுதான். ஆனால் கேள்விக்குப் பலன் இல்லையென்றால் அதை விலை கொடுத்து வாங்க ஆள் வருமா?

ஆளும் கட்சி மெம்பர்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "இந்த அருமையான திட்டத்தால் எத்தனை பேர் பயன் அடைந்தார்கள் என்று மாண்புமிகு மந்திரி தயவு செய்து கூறுவாரா?" என்பது கேள்வி அல்ல, மாலை. 1957-ல் அந்தப் பக்கத்து ஆசனங்களில் உட்கார்ந்தே கேட்டார்கள்.

சர்க்கார் பங்குக்கு அது செய்தது இன்னும் பெரிய காரியம். 2020 செப்டம்பர் 14-ந் தேதி பார்லிமெண்ட் கூடியபோது, கொரோனா நோயைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் அடியோடு நிறுத்தப்பட்டது. எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம், பதில் வரும், ஆகவே உரிமை ஒன்றும் போகவில்லை என்று சமாதானம் சொன்னார்கள். அந்தக் கூட்டத் தொடரில் சபை கூடியது; மசோதாக்கள் நிறைவேறின; மெம்பர்கள் பேசினார்கள். நோய் தொற்றும் என்று நிறுத்தப்பட்டது உப கேள்வி. எழுத்தில் கேள், எழுத்தில் பதில் வாங்கிக்கொள், உட்கார். 1892-ம் வருஷத்து ஏற்பாடு 128 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. பிறகு கேள்வி நேரம் மீண்டும் தொடங்கியது என்பது வாஸ்தவம். ஆனால் அது இல்லாமலும் சபையை நடத்தலாம் என்று ஒரு தடவை நடத்திக் காட்டியாகிவிட்டது. நெருக்கடி நிலையின்போது 1975-லும் கேள்வி நேரத்தை நிறுத்தினார்கள். அந்த முன்னுதாரணத்தை இன்று ஒருவரும் பெருமையாக எடுத்துச் சொல்வதில்லை.

கேள்வி இல்லாத இடத்தில் செலவு எப்படி நிறைவேறும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2018 மார்ச்சில் லோக் சபையில் அமளி. அந்த அமளிக்கு நடுவே எல்லா இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறின. தேசத்தின் ஒரு வருஷச் செலவு! சந்தைக்குப் போகும் குடும்ப ஸ்திரீ ஒரு படி அரிசிக்கு இதைவிட அதிக நேரம் பேரம் பேசுவாள்.

செய்ய வேண்டியது

கேள்வி நேரத்தை நிறுத்தும் அதிகாரம் சர்க்கார் தரப்பின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது. நிறுத்த வேண்டிய அவசியம் நிஜமாகவே வந்தால் எதிர்க் கட்சிகளும் சம்மதித்துச் சபை தீர்மானிக்கட்டும். கூச்சலில் தவறிப்போன நட்சத்திரக் கேள்விகளை எழுத்துப் பதிலாக்கிப் புதைப்பதற்குப் பதில், அந்த மந்திரியின் அடுத்த முறை நாளில் முதலில் எடுத்துக்கொள்ளலாம். தப்பித்தோம் என்ற எண்ணம் மந்திரிக்கும் வராது. கூச்சல் போட்டு ஆகப்போவதென்ன என்று மெம்பர்களுக்கும் தோன்றும்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது; சபையின் மேஜைமீது வைக்கப்படும்" என்ற பதில் ஒன்று உண்டு. பார்லிமெண்டில் இதைப்போல் அடிபட்டுத் தேய்ந்த வாக்கியம் வேறில்லை. இந்த மாதிரி வாக்குறுதிகளைக் கண்காணிக்க 1953-லேயே ஒரு கமிட்டி போட்டார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று கெடுவும் உண்டு. கெடு தாண்டிய வாக்குறுதிகளைக் கேள்வி நேரத்தின் முதல் ஐந்து நிமிஷத்தில், இலாகாவின் பெயரையும் மந்திரியின் பெயரையும் சொல்லிச் சபாநாயகர் வாசித்தால் என்ன? செலவு இல்லாத வைத்தியம்.

வாக்காளருக்கும் இதில் வேலை இருக்கிறது. எந்த மெம்பர் எந்தத் தேதியில் எந்த மந்திரியை என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் பார்லிமெண்டின் இணையதளத்தில் பகிரங்கமாக இருக்கின்றன. தொகுதிக்கு மெம்பர் வரும்போது மாலை போட்டு, கோயில் மண்டபத்துக்கும் பாலத்துக்கும் மனுக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். போன கூட்டத் தொடரில் எத்தனை நாள் சபையில் இருந்தீர்கள், எந்த மந்திரியை என்ன கேட்டீர்கள், கிடைத்த பதிலுக்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டீர்களா என்று அதே மனுவின் அடியில் ஒரு வரி எழுதிக் கையில் கொடுக்கலாம்.