வண்டுக் கணக்கும் பொய் விடையும்

படிகள் யாவும் பிழையின்றிச் செய்யப்பட்டிருந்தும், பெற்ற விடைகளுள் ஒன்று பொய்யாக இருத்தல் கூடுமா? கூடும். வர்க்கமூலம் அடங்கிய சமன்பாடுகளிலே இவ்விந்தை அடிக்கடி நிகழ்கின்றது. இதனை அறியாமையால் மாணவர் பலர் பரீட்சையிற் புள்ளிகளை இழக்கின்றனர். அதன் காரணத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

பாஸ்கராச்சாரியர் 1150ஆம் ஆண்டில் வடமொழியில் இயற்றிய 'லீலாவதி' என்னும் கணித நூலில் அழகிய வண்டுக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு வண்டுக் கூட்டத்திற் பாதித் தொகையின் வர்க்கமூலம் எவ்வளவோ, அத்தனை வண்டுகள் மல்லிகையை நாடிச் சென்றன. முழுக் கூட்டத்தின் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே சென்றது. எஞ்சியவை இரண்டே: மணத்தால் ஈர்க்கப்பட்டு, இரவிலே தாமரைக்குள் அகப்பட்ட ஆண் வண்டு ஒன்று, வெளியே நின்று அதற்காக இரங்கி ரீங்காரமிடும் பெண் வண்டு ஒன்று. கூட்டத்தின் தொகை யாது?

தொகையை ய என்க.

√(ய/2) + 8ய/9 + 2 = ய

மூலக்குறியுள்ள உறுப்பை முதலில் ஒரு பக்கத்திலே தனியாக நிறுத்துக.

√(ய/2) = ய/9 − 2

இப்போது இரு பக்கங்களையும் வர்க்கித்தால் மூலக்குறி நீங்கும்.

ய/2 = (ய − 18)²/81

இதனைச் சுருக்கினால்,

2ய² − 153ய + 648 = 0
(ய − 72)(2ய − 9) = 0

ஆகவே ய = 72 அல்லது 4½.

72ஐப் பிரதியிட்டுப் பார்ப்போம். 36இன் வர்க்கமூலம் 6, ஒன்பதில் எட்டுப் பங்கு 64, எஞ்சியவை 2. கூட்டினால் 72. விடை சரி.

"அரை வண்டும் உண்டோ?" என்று சிரித்து 4½ஐத் தள்ளிவிடலாமே என்பீர்கள். ஆனால் வினா வண்டைப் பற்றியதன்றிப் பொன்னின் நிறையைப் பற்றியதாயின், 4½ கழஞ்சு என்பதிலே சிரிப்பதற்கு என்ன உண்டு? தோற்றத்தைக் கொண்டு விடையைத் தள்ளுதல் முறையன்று. தனிமைப்படுத்திய சமன்பாட்டிலே 4½ஐ இட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 3/2, வலப்பக்கம் −3/2. இரண்டும் சமமல்ல. 4½ பொய்யென்பதற்கு இதுவே சான்று.

இப்பொய் எங்கிருந்து புகுந்தது? 3/2, −3/2 ஆகிய இரண்டின் வர்க்கமும் 9/4 தான். வர்க்கிக்கும்போது நேர், மறை என்னும் வேறுபாடு அழிந்துபோகின்றது. √(ய/2) = 2 − ய/9 என்னும் வேறொரு சமன்பாட்டை வர்க்கித்தாலும் நாம் பெற்ற அதே இருபடிச் சமன்பாடே வரும். 4½ அதற்கு உரிய விடை. வழி தவறி நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

இதற்காக, இரண்டில் ஒன்று எப்போதும் பொய் என்று எண்ணிவிடவும் வேண்டா. √(2ய + 3) = 1 + √(ய + 1) என்பதை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை வர்க்கித்துச் சுருக்கினால் ய + 1 = 2√(ய + 1) ஆகும். இவ்விடத்திலே அவசரப்பட்டு √(ய + 1) ஆல் வகுப்பவர் 3 என்னும் விடையை மட்டுமே காண்பார். மீண்டும் வர்க்கிப்பவர் 3, −1 ஆகிய இரண்டையும் காண்பார். பிரதியிட்டுப் பார்த்தால் இரண்டும் மெய். மறை எண் என்பதற்காக −1ஐத் தள்ளியிருந்தால் அதுவும் பிழையே.

ஆதலின் மாணவர்களே, பிரதியிட்டுச் சரிபார்த்தல் நேரம் மிஞ்சினாற் செய்யும் வேலையன்று. விடையின் இறுதிப் படி அதுவே. பின்வரும் சமன்பாட்டை இன்றே செய்து பாருங்கள்.

√(ய + 7) = ய − 5

கிடைக்கும் இரண்டு எண்களுள் மெய்யானது எது? அதனைச் சமன்பாடே உங்களுக்குக் கூறும்.