டைனமோ மேல் போட்ட பழி

சென்ற இதழில் ஜவ்வரிசி வடாம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை காரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஸ்டீயரிங்கையே தொட்டதில்லை, உனக்கெதுக்கு டைனமோ சமாச்சாரம்?" என்றார். வாஸ்தவம்தான், எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த வண்டி மூன்று தடவை நடுரோட்டில் நின்றபோது மூன்று தடவையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். செலவுக் கணக்கு எழுதினவளும் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புதுச்சத்திரம் பக்கம். மாமனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் திங்களும் வியாழனும் சேலத்தில் டயாலிஸிஸ். நாலு மணி நேரம் படுக்கையில் இருக்கவேண்டும். முடிந்து எழுந்தால் சில நாள் பிரஷர் இறங்கி, கை கால் துவண்டு, பேசக்கூடத் தெம்பிருக்காது. அந்த நிலையில் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது என்றுதான் செகண்ட் ஹாண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினோம்.

2023 ஏப்ரல் மாதம், போகும் வழியில் டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று ஓட்டினோம். ஆண்டகளூர் கேட் தாண்டுவதற்குள் வண்டி திணறி நின்றுவிட்டது. "டைனமோ போச்சுங்கண்ணா" என்றான் மெக்கானிக் தம்பி. உள்ளே டையோடும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றி 1,850 ரூபாய் வாங்கினான். ஜூனில் மறுபடியும் அதே விளக்கு. இந்தத் தடவை பழைய டைனமோவைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த ஒன்றை மாட்டினோம்; 3,600 ரூபாய். ஆகஸ்டில் மூன்றாவது தடவை.

அந்த மூன்றாவது தடவையைத்தான் மறக்க முடியவில்லை. டயாலிஸிஸ் முடியவே ராத்திரி எட்டு மணி. மல்லூர் தாண்டினதும் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாக மங்க ஆரம்பித்தது. ஹாரன் அடித்தால் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். ஐந்து நிமிஷத்தில் விளக்கும் போய், எஞ்சினும் நின்று, ஓரமாக உருண்டு நின்றது. லாரிகள் இடைவிடாமல் பறக்கிற பைபாஸ். பின் சீட்டில் மாமா சாய்ந்து கிடக்கிறார். ஊசி குத்தின கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. "தண்ணி..." என்று கேட்கிறார், இஷ்டத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அப்போது ஒரு லாரி வேகம் குறைத்து எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. டிரைவர் தம்பி இறங்கி வந்து பார்த்தார். "உங்க பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுக்க முடியுங்களா?" என்று கேட்டேன். "நம்ம வண்டி 24 வோல்ட்டுங்கக்கா, உங்க கார் 12. அப்படியே கொடுத்தா எல்லாம் எரிஞ்சு போயிருமுங்க" என்றார். ஆனால் எங்களை விட்டுப் போகவில்லை. ராசிபுரத்திலிருந்து கொழுந்தனார் கார் எடுத்து வரும்வரை, வேறு வண்டி எதுவும் வந்து எங்கள் மேல் மோதாதபடி, தன் லாரியின் இண்டிகேட்டர்களைச் சிமிட்டவிட்டபடி பின்னாலேயே நிறுத்திக்கொண்டு நின்றார். பேரைக் கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை மெக்கானிக் தம்பியிடம் போன் செய்தால், "புதுசே போட்டுருவோமுங்க" என்று அதே பாட்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பால் ஒரு நாள் திரிந்தால் பால்காரர் மேல் பழி போடலாம். மூன்று நாளும் திரிந்தால் நம் பாத்திரத்தையல்லவா மோந்து பார்க்கவேண்டும்? அடுத்த டயாலிஸிஸ் திங்கட்கிழமை. கையில் இருந்தது மூன்றே நாள்.

நாமக்கல், சேலம் ஜில்லாவோடு இருந்த காலத்திலிருந்தே லாரிக்குப் பேர்போன ஊர். பாடி கட்டுகிற பட்டறைகளும், ஒயரிங் செய்கிறவர்களும் அங்கே ஏராளம். அதில் நாற்பது வருஷமாக லாரிக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் சனிக்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துப்போனோம். அவர் டைனமோவைத் தொடவே இல்லை. "ஏனுங்க, டைனமோ போக ஆரம்பிக்கறதுக்கு முன்னால வண்டியில என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் விழித்தார். நான் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தேன். பிப்ரவரியில் கிளட்ச் பிளேட் மாற்றிய செலவு இருந்தது. "அப்படிச் சொல்லுங்க அம்மிணி!" என்றார்.

கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸைக் கழற்றவேண்டும். அதோடு சேர்ந்து எர்த் ஒயரையும் கழற்றுவார்களாம். எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் பேட்டரியின் மைனஸ் முனையையும் சேர்க்கிற தடித்த ஒயர் அது. எங்கள் வண்டியில் அதைத் திரும்ப மாட்டினவர்கள் துருவின் மேலேயே மாட்டி, போல்ட்டையும் அரைகுறையாக முடுக்கியிருந்தார்கள். கையால் அசைத்தாலே ஆடியது.

முதலில் டைனமோவில் எரிந்து போயிருந்த டையோடை மட்டும் மாற்றினார். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் காற்றாடியையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் உடம்பிலும் இன்னொரு முனையை பேட்டரி மைனஸிலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டிய இடம், 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படவேண்டுமாம். எங்களுக்கு 0.9 காட்டியது. ஒயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஒயராகவே மாட்டி முடுக்கிய பிறகு 0.1-க்கு வந்துவிட்டது. அந்த ஒயரின் விலை 180 ரூபாய்.

ஒரு ஒயருக்கும் டைனமோ எரிவதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். நாம் டைனமோ என்று சொன்னாலும் இப்போதைய கார்களில் இருப்பது ஆல்டர்னேட்டர். 1960-களில் ஓடின பழைய கார்களில் இருந்ததுதான் அசல் டைனமோ. அது நேர் மின்சாரம் கொடுக்கும். வண்டி மெதுவாகப் போனால் சார்ஜ் சரியாக ஏறாது. ஆல்டர்னேட்டர் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஏற்றும். ஆனால் அதில் உண்டாவது மாறுதிசை மின்சாரம். அதை நேர் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் டையோடுகள். பேட்டரி ஒரு திண்டு மாதிரி பக்கத்தில் இருந்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். எர்த் ஒயர் தொட்டும் தொடாமலும் ஆடினால், வண்டி குலுங்கும்போதெல்லாம் பேட்டரி ஒரு கணம் விலகி நிற்கும். அந்தக் கணத்தில் வோல்ட் கன்னாபின்னாவென்று எகிறி டையோடைத் தீர்த்துவிடும். புது டைனமோ போட்டிருந்தாலும் இதே கதிதான்.

இன்னொன்றும் கேட்டார். "சார்ஜ் வருதான்னு பாக்க பேட்டரி ஒயரைக் கழட்டிக் காட்டினானா?" ஆமாம், காட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைக் கழற்றி, "பாருங்கண்ணா, வண்டி நிக்கல, டைனமோ சூப்பர்" என்று பெருமையாகக் காட்டினான். நாங்களும் தலையாட்டினோம். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய டைனமோ காலத்துப் பழக்கமாம் அது. இப்போதைய வண்டியில் அப்படிச் செய்தால் டையோடும், மற்ற எலக்ட்ரானிக் சாமான்களும் அங்கேயே போய்விடலாம். சகோதரிகளே, உங்கள் வீட்டுக் காரில் யாராவது அப்படிக் கை வைத்தால் கூச்சப்படாமல் "வேண்டாம் தம்பி, மீட்டர் வெச்சுப் பாருங்க" என்று சொல்லுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், என் தலையும் உருண்டது! பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்தவர், "இதுல என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி வர மறந்த நாட்களில், காய்ச்சி ஆறவைத்த போர்த்தண்ணீரை ஊற்றியவள் நான். காய்ச்சினால் கிருமிதான் சாகும். உப்பு எங்கே போகும்? எங்கள் பக்கத்துத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பது வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் தேய்க்கிற எனக்குத் தெரியாதா? கைக்குத் தெரிந்தது புத்திக்கு எட்டவில்லை. அந்த பேட்டரிக்கு வயதும் நாலரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்கு மேல் உழைத்தால் அதிர்ஷ்டம்தான். ஓர் அறை செத்துப்போயிருந்ததால், எவ்வளவு ஏற்றினாலும் நிறையாமல் டைனமோவை ஓயாமல் வேலை வாங்கியிருக்கிறது. அதிலேயே டைனமோ சூடேறித் தளர்ந்திருக்கிறது. புது பேட்டரிக்கு 4,400 ரூபாய் ஆயிற்று. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தேவலை.

திரும்பும்போது 400 ரூபாய்க்கு ஒரு சின்ன மீட்டர் வாங்கிக்கொண்டேன். அதைப் பார்ப்பது காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் வைப்பதைவிடச் சுலபம். ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பேட்டரி முனைகளில் வைத்தால் 12.6 வாக்கில் இருக்கவேண்டும். 12-க்கு இறங்கியிருந்தால் பேட்டரி ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்கவேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. 15-ஐத் தொட்டால் அளவுக்கு மீறி ஏறுகிறது. இரண்டும் ஆபத்து. சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்யும்போது இழுவை, ஹாரன் மங்கல், பானெட்டுக்குள்ளிருந்து பெல்ட் கீச்சிடுவது, இவையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

வழியில் விளக்கு எரிந்துவிட்டால் ஏசி, காற்றாடி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தாமல் பக்கத்தில் ஆள் நடமாட்டமுள்ள இடம்வரை போய்விடலாம். ராத்திரியில் ஹெட்லைட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எஞ்சின் சூடு காட்டும் முள்ளும் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். பெல்ட் அறுந்திருக்கலாம், பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் ஹோஸ் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் டைனமோவுக்கு ஆகாதாம். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அப்படித்தான் கழுவுவோம். இப்போது ஈரத்துணியோடு சரி.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அதே பழைய டைனமோதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமமும் வாங்கிக்கொண்டுவிட்டது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திங்களும் வியாழனும் வோல்ட் எழுதி வைக்கிறேன். இந்த வாரம் 12.5, 14.1. சேலத்துக்குக் கிளம்பும்போது பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் மாமா கேட்கிற முதல் கேள்வி, "மீட்டர் பாத்தாச்சா அம்மிணி?" என்பதுதான். பார்த்தாச்சு என்று சொன்ன பிறகுதான் கதவைச் சாத்தவிடுவார்.